செல்லையாவின் கையெழுத்தில் பத்து மாதம்

'ஆக்டிங்' என்றால் நடிப்பு என்றே நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள், நான் ஆங்கிலத்தில் பாஸ் செய்தவன்.

மலாயாவில், சிகாமட் மராமத்து ஆபீசில் எங்கள் சீஃப் கிளார்க் செல்லையா, உடம்பு முடியாமல் யாழ்ப்பாணத்துக்கு லீவில் புறப்பட்டபோது என்னிடம் சொன்னார்: "நான் வருமட்டும் நீர்தான் ஆக்டிங். நான் இல்லாத குறை ஒருத்தருக்கும் தெரியப்படாது, விளங்குதோ?"

விளங்கியது. பத்து மாதமும் அவர் கையெழுத்தையே போட்டேன். கடைசி எழுத்தின் சுழிகூடப் பிசகவில்லை. எஞ்சினியர் துரையும் பார்க்காமலே பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

செல்லையா திரும்பி வந்ததும் ஸ்டோர்கீப்பர் மரியதாஸ் என் மேசைக்கு வந்தான். அவன் அதே காலத்தில் ஓவர்சியருக்குப் பதிலாக அவர் வேலையைப் பார்த்தவன்.

"பெரிய வேலை பார்த்தோம், சின்னச் சம்பளம் வாங்கினோம். பாக்கியைக் கேட்டா தலையையா வாங்கிடுவாங்க? எழுதுய்யா. சம்சாரத்தை ஊர்லேர்ந்து கப்பல்ல கூட்டிட்டு வரணும்னு நீதானே புலம்புற?"

இருவருக்கும் சேர்த்து மனு எழுதினேன். ஜோகூர் பாரு தலைமை ஆபீசிலிருந்து பதில் வந்தது: வேலை பார்த்ததற்கு ஆதாரமாக, கையெழுத்திட்ட தாள்களை அனுப்பவும்.

பதிலை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினேன். தாள்களில் எல்லாம் செல்லையாவின் கையெழுத்தை நான் போட்டிருப்பதைச் சொன்னதும் மரியதாஸ் தலையில் கை வைத்தான்.

"அலமாக். நீ குடுத்தது மனு இல்லடா, வாக்குமூலம்."

வேலை போகும், ஜெயில் கிடைக்கும், சம்சாரம் கப்பலேறி வந்து கம்பி வழியாக என்னைப் பார்ப்பாள் என்று வரிசையாகக் கணக்குப் போட்டேன். துரை கூப்பிட்டபோது, அவர் கேட்கும் முன்பே "ஸாரி சார்" என்றேன்.

துரை ஃபைலைப் புரட்டினார். செல்லையாவின் சுழியைப் பார்த்தார். பக்கத்திலிருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். வெகுநேரம் அதையே பார்த்தார்.

"நீ போகலாம்" என்றார். அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. மரியதாஸுக்கு முழுப் பாக்கி. என் விஷயத்தில், சீஃப் கிளார்க் வேலையைச் செல்லையாவே பார்த்ததாகத் தாள்கள் காட்டுகின்றனவாம். அப்போது அவர் யாழ்ப்பாணத்தில் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார்.

அடியில் இன்னும் ஒரு வரி: நான்கு நாள் தாள்களில் மட்டும் என் பெயர் இருக்கிறதாம். வெள்ளம் வந்து ஆபீசை மேட்டுக்கு மாற்றிய அவசரத்தில், மறதியாக என் சொந்தப் பெயரையே எழுதியிருக்கிறேன்.

இளைய குமாஸ்தாக்களே, பார்த்த வேலைக்கு உங்கள் பெயரையே போடுங்கள். எனக்கு நான்கு நாள் ஆக்டிங் அலவன்ஸ் கிடைத்தது. சம்சாரம் வர இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று.