உழக்கில் போட்ட நீல மணி

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்களுக்குப் 'பாசிக்காரிகள்' என்று பெயர். வைத்தவர்கள் ஆண்கள். அவர்கள் தபால்தலை சேர்த்தால் அறிவு வளரும். நாங்கள் ஐந்து பெண்கள் ஊறுகாய் பாட்டில்களில் மணி சேர்த்தால் அது பைத்தியம். சரி, பைத்தியம்தான். ஆனால் ஏனோதானோ பைத்தியம் இல்லை, சட்டதிட்டங்களோடு கூடிய பைத்தியம்.

எண்பதுகளின் நடுவில் நான் கல்யாணமாகி அங்கே போனேன். என் கணவருக்கு பாக்டரியில் வேலை. அந்த வரிசையில் இருந்த எல்லார் வீட்டிலும் அப்படித்தான். ஆளுக்கொரு ஜில்லா, ஆளுக்கொரு குழம்பு. ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்கு முழுசாகப் புரியாது. தண்ணீர் வரும் நேரத்தை விட்டால் எங்கள் ஐந்து பேருக்கும் பொதுவாக இருந்தது மணி மட்டும்தான். கண்ணாடி மணி, கல்மணி, படிகம், பவளம், பவளம் என்று ஏமாற்றி விற்றது, எல்லாம்.

எங்கள் தலைவி ஃபோர்மேன் வீட்டம்மா. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்கள் வீட்டில்தான் ஐந்து பேர் உட்காரும் அளவுக்கு சோபா இருந்தது. அவர்கள் மணிகள் எல்லாமே குவைத்தில் இருக்கும் தம்பி அனுப்பியவை. அப்படித்தான் சொல்வார்கள். ஒரு மணியை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "இது இங்கெல்லாம் கிடைக்காது" என்பார்கள். நாங்களும் பார்த்துவிட்டு ஆமாம் ஆமாம் என்போம்.

வருஷத்துக்கு ஒரு முறை ஒருவருக்கொருவர் பரிசு கொடுத்துக்கொள்வோம். அதற்குச் சீட்டு எழுதிக் குலுக்குவதெல்லாம் கிடையாது. ஆங்கிலப் புத்தாண்டு லீவன்று ஃபோர்மேன் வீட்டில் கூடுவோம். ஒவ்வொருத்தியும் தன்னிடம் இருப்பதில் ஒரே ஒரு மணியை மூடிய கைக்குள் கொண்டுவந்து, துணி போர்த்திய பித்தளை உழக்கில் போட வேண்டும். பிறகு ஒவ்வொருத்தியாகக் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். தன் மணியே வந்தால் திரும்பப் போட்டுவிட்டு வேறு எடுக்கலாம். கையில் வந்தது யாருடைய மணியோ அவளுக்குக் காணும் பொங்கலன்று ஒரு பரிசு. பரிசும் மணியாகத்தான் இருக்க வேண்டும். எடுத்த மணியைப் பொட்டலத்தின் மேலேயே கட்டித் திருப்பித் தந்துவிட வேண்டும்.

யாருடைய மணி என்று எப்படித் தெரியும் என்றால், தெரிய வேண்டும். அதுதான் விஷயமே. கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் நீ மணி சேர்ப்பவளே இல்லை, பொழுது போகாமல் வந்தவள்.

இப்போது என் பக்கத்து வீட்டு அக்கா. அவள் மேனாம்பேட்டுக்காரி. பரம்பரையாக நெல் பயிரிட்ட குடும்பம். அம்பத்தூரையும் பூந்தமல்லியையும் தாண்டி எங்கும் போனதில்லை, போக ஆசையும் இல்லை. எனக்கு மதுரைப் பக்கம். நான் வந்த புதிதில் அவள் "இன்னா மே, குயம்பு கொதிக்குதா?" என்று கேட்டதற்கு நான் ஏதோ திட்டுகிறாள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினேன். அதற்கப்புறம் நான்கு வருஷம் அந்தக் கதவைச் சாத்தவே இல்லை. பாசிப் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்ததும் அவள்தான்.

பிறகு ஒரு நாள் நான் ஒரு காரியம் செய்தேன்.

அவள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒற்றைப் பவளம் போட்டிருப்பாள். அவள் அம்மா கழுத்தில் கிடந்தது. கயிறு இற்றுப்போய்விட்டது, புதுக் கயிற்றில் கோத்துக் கொடு என்று என்னிடம் கொடுத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போனாள். நான் கோத்துக் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அப்போதுதான் ஃபோர்மேன் வீட்டம்மா எங்களுக்கு ஒரு பரீட்சை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஊசியைப் பழுக்கக் காய்ச்சி வைத்தால் நிஜப் பவளம் அசையாது, பிளாஸ்டிக் உருகும். எனக்குக் கை அரித்தது. ஊசி உள்ளே போயிற்று. பிளாஸ்டிக் வாளி எரிந்த மாதிரி ஒரு நாற்றம்.

அவள் திரும்பி வந்ததும் நான் ஏதோ கண்டுபிடித்த விஞ்ஞானி மாதிரி, "யக்கா, இது பிளாஸ்டிக்" என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே இன்றைக்கும் கேட்கிறது. அவள் மணியை வாங்கி அந்த ஓட்டையைப் பார்த்தாள்.

"பிளாஸ்டிக்குனு எனுக்குத் தெரியாதா? எங்கம்மா கயுத்துல கெடந்ததுக்குப் போய் சூடு வச்சிகீற" என்றாள். போய்விட்டாள்.

ஏழு மாதம் பேச்சில்லை. ஒரே சுவர். அவள் வீட்டில் கரண்டி விழுந்தால் என் வீட்டில் கேட்கும். நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நானாக ஏன் முதலில் பேச வேண்டும் என்று இருந்தேன். தப்பு செய்தவளுக்குத்தான் ரோஷம் அதிகம், என் விஷயத்தில் நிச்சயமாக.

டிசம்பரில் சேதி வந்தது. அவள் வீட்டுக்காரருக்கு வடக்கே எங்கோ ஒரு பாக்டரிக்கு மாற்றல், ஜனவரிக் கடைசியில் போகிறார்கள் என்று. தண்ணீர்க் குழாயடியில் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஒரு மாதத்துக்குள் பேசாவிட்டால் அப்புறம் எப்போது? ஆனாலும் எழுந்து போய் அந்தக் கதவைத் தட்ட எனக்குக் கால் வரவில்லை.

அந்தப் புத்தாண்டில் உழக்குக்குள் கைவிட்டேன். வந்தது ஒரு நீல மணி. கருநீலத்தில் வெள்ளைக் கண் வைத்த கண்ணாடி மணி. அது பக்கத்து வீட்டு அக்காவுடையது. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஊசி பாசி விற்கும் அம்மாவிடம் அவள் பேரம் பேசி ஒரு சரம் வாங்கியபோது நான்தான் பக்கத்தில் பை பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளையாரே கையை விட்டு எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. நானாகப் போய்ப் பேச வேண்டாம், சட்டம் என்னைப் போகச் சொல்லுகிறது. என் ரோஷத்துக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

என்னிடம் இருந்ததிலேயே உசத்தி ஒரு சிவப்புக் கல்மணிச் சரம். இருபத்தொரு கல், விளக்கு வெளிச்சத்தில் உள்ளே ரத்தம் ஓடுவது போலத் தெரியும். நான் அதை யாரையும் தொடவிட்டதில்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் பூராவும் அதை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டு, கடைசியில் அதையே கட்டினேன். நீல மணியை மேலே முடிந்தேன்.

காணும் பொங்கலன்று ஆண்களும் குழந்தைகளும் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் ஐந்து பேரும் சோபாவில். ஃபோர்மேன் வீட்டம்மா, கணக்கு டீச்சர், கடைசி பிளாக்கிலிருந்து வரும் ஒரு பெண், அக்கா, நான். எனக்குக் கடைசி பிளாக் பெண் ஒரு படிக மணிச் சரம் கொடுத்தாள், அவளுக்கு அக்கா கொடுத்தாள், டீச்சருக்கு ஃபோர்மேன் வீட்டம்மா. பிறகு நான் எழுந்து போய் அக்கா மடியில் பொட்டலத்தை வைத்தேன்.

அவள் மேலே கட்டியிருந்த நீல மணியைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள். பிறகு பிரித்தாள். சிவப்புச் சரத்தைக் கண்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்பதான் வயி தெரிஞ்சுதா ஒனக்கு?" என்றாள். ஏழு மாதத்தில் முதல் பேச்சு.

அப்போது கணக்கு டீச்சர் எழுந்து வந்து, அதே மடியில் இன்னொரு பொட்டலத்தை வைத்தார். மேலே ஒரு பச்சை மணி. அக்காவுடைய பச்சை மணி, அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அக்காவுக்கு இரண்டு பரிசு. ஃபோர்மேன் வீட்டம்மா மடி காலி. எங்களிலேயே பெரிய மணிக்காரி வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருத்திக்கு மணி அடையாளம் தெரியவில்லை, அந்த ஒருத்தி நான்.

ஃபோர்மேன் வீட்டம்மா கையை நீட்டினார்கள். "அந்த நீலத்தை இப்படிக் கொடு, பார்க்கலாம்."

அக்கா கொடுக்கவில்லை. உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். "இது என்னுது மேடம். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல ஊசி விக்குற அம்மாகிட்ட வாங்கினது. இவளும் அப்ப கூட இருந்தா."

ஃபோர்மேன் வீட்டம்மா வாயைத் திறந்தார்கள், மூடினார்கள். அது என்னுடையது என்று சொன்னால் அவர்களுடைய குவைத் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடும். அவர்களுக்கு அது எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தது.

"அப்போ பச்சை யாருது?" என்றார் டீச்சர்.

"அதுவும் என்னுதுதான். ரெண்டு போட்டேன். ஊர வுட்டுப் போறேன், ரெண்டா கெடைக்கட்டும்னு ஒரு ஆச."

"அப்படின்னா உழக்குல ஆறு மணி இருந்திருக்கணுமே" என்றார் டீச்சர். கணக்கு சரியாக வராவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"ஆறுதான் இருந்துச்சு. கடைசியா எடுத்தவ நானு. மிச்சம் ஒண்ணு இருந்தத கையிலயே வச்சிக்கினு பூட்டேன். அப்பால எங்கியோ உருண்டு பூட்சி."

டீச்சருக்குக் கணக்கு நேராகிவிட்டது. ஃபோர்மேன் வீட்டம்மா மெதுவாகப் பெருமூச்சு விட்டு, தொலைந்துபோனது தன்னுடைய வெள்ளை மணி என்றும், தம்பி அனுப்பியதிலேயே விலை கூடியது என்றும், போனால் போகட்டும் என்றும் சொன்னார்கள். பெரிய மனசு. இல்லாத வெள்ளை மணிக்காக நாங்கள் எல்லாரும் வருத்தப்பட்டோம். கடைசி பிளாக் பெண் அக்காவைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

நான் என்ன செய்தேன்? தட்டில் இருந்த முறுக்கை எடுத்துக் கடித்தேன். வாயில் முறுக்கு இருக்கும்போது பேசுவது மரியாதை இல்லையே.

ஜனவரிக் கடைசியில் அவள் வீட்டு வாசலில் லாரி நின்றது. பாத்திரங்களைச் சாக்கில் கட்ட நான் போனேன். கதவைத் தட்டினேன், ஒரு வழியாக.

"யக்கா, அந்த நீல மணி உன்னுது இல்லைன்னு எப்பத் தெரிஞ்சுச்சு?"

"பாத்தவொடனே. என்னுதுல ஓட்ட கோணலா இருக்கும்."

"பிறகு எதுக்கு அப்படிச் சொன்ன?"

அவள் ஒரு சொம்பை இன்னொரு சொம்புக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள். "இல்லன்னு சொல்லியிருந்தா நீ அந்தச் சரத்த எடுத்து அந்தம்மா கையில குடுத்திருப்ப. ஏயு மாசம் கயிச்சி எங்கையில ஒண்ணு குடுத்த. அத எப்டி மே திருப்பித் தர்றது?"

நான் அழுதேன். உனக்கென்று நினைத்துத்தான் எடுத்து வைத்தேன், அந்த அம்மாவுக்கு என்று தெரிந்திருந்தால் நாலு கண்ணாடி மணிதான் கட்டியிருப்பேன் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். சிவப்புச் சரம் அவள் கழுத்தில் இருந்தது. அதற்கு மேலே கறுப்புக் கயிற்றில், நான் வைத்த ஓட்டையோடு, அந்தப் பவளம்.

"நிஜக் கல்லான்னு சூடு வச்சுப் பாத்தியா?" என்றேன்.

"நா இன்னாத்துக்கு வைக்கணும்?" என்றாள்.

எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் வேண்டாம் என்றாள். "நா போறவ. நீ இங்கியே கீறவ. அந்தம்மா ஒன்ன சோபாவுல குந்த வுடாது." என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் எத்தனையோ புத்தி சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒன்றைத்தான் நான் அட்சரம் பிசகாமல் கேட்டேன். லாரி போன பிறகு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவள் பெயர் எங்கள் கூட்டத்தில் 'ரெண்டு போட்டவ' என்று ஆயிற்று. புதிதாக யார் சேர்ந்தாலும் முதலில் அவள் கதையைச் சொல்வார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். அடுத்த வருஷத்திலிருந்து ஃபோர்மேன் வீட்டம்மா ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். மணியை உழக்கில் போடுமுன் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, போடுகிறவளின் கையில் ஒன்றுதான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம்பிக்கையான ஆளாக, எந்த வம்புக்கும் போகாதவளாக ஒருத்தி தேவைப்பட்டது. என்னை வைத்தார்கள்.

ஒன்பது வருஷம், தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் அயனம்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு போகும்வரை, நான்தான் அந்த உழக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியின் உள்ளங்கையையும் பார்த்து, சரி, போடு என்று சொன்னேன். என் கையை மட்டும் யாரும் விரித்துக் காட்டச் சொல்லவில்லை.