மொட்டைக்கு ஒரு நேர்த்திக்கடன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் பிழைத்துக்கொண்டேன். இப்போது கெலாங் பாத்தாவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், அதைவிட ஒழுங்காகக் கோபப்படுகிறேன். அதனால் யாரும் கைக்குட்டை தேட வேண்டாம்.

பதினேழு வயதில், ஐந்தாம் படிவம் படிக்கும்போது எனக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. எங்கள் ஊரான லாபிஸில் வீட்டைத் தாண்டி அது யாருக்கும் தெரியக்கூடாது என்று அம்மா முடிவு செய்துவிட்டார். தெரிந்தால் நாளைக்கு என்னை யார் கட்டிக்கொள்வார்கள் என்பது அவர் கவலை. ஜொகூர் பாரு மருத்துவமனையில் மருந்து ஏற்றத் தொடங்கி முடி கொட்டியதும், வயிற்றுப்புண் தீர முருகனுக்கு வேண்டிக்கொண்ட மொட்டை என்று ஊருக்குச் சொன்னார். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், ஓடி வந்து என் தலையில் சந்தனத்தை அப்பிவிடுவார்.

ஊர் நம்பியது. "இந்த வயசுல என்னா பக்தி!" என்று ஓர் அத்தை என் காலில் விழாத குறை.

ஆனால் என் தோழிகள் ஒவ்வொருவராக நழுவினார்கள். வாட்ஸ்அப்பில் கேட்பார்கள், நான் மழுப்புவேன். மழுப்புகிறவளிடம் எத்தனை நாள் பேசுவது? நோயைவிட அதுதான் என்னை அரித்தது. நான் செத்தால்கூட ஒருத்தியும் வரமாட்டாள் என்று பயந்தேன்.

நான்காவது மாதம் ஒரு சனிக்கிழமை, முதலாம் படிவத்திலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். அதற்குள் அம்மா சந்தனத்தை அப்பி முடித்திருந்தார். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"மொட்டை சரி லா. புருவத்தையுமா முருகன் கேட்டாரு?"

எனக்குச் சிரிப்பு வெடித்தது. புருவம் என்று ஒன்று இருப்பதே அம்மாவுக்கும் எனக்கும் தோன்றவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் காம்பை வெளியே விட்டிருந்தோம். சிரித்த வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் அழுதாள். பிறகு திட்டினாள்.

"நாலு மாசமா உனக்குத் திமிரு புடிச்சிப் போச்சுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன் டி. என்னையும் பாவியாக்கிட்ட!"

நோயாளி என்று பாராமல் சண்டை போட்டாள். நானும் விடவில்லை. அத்தனை நாள் எல்லோரும் என்னிடம் மெதுவாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டை எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது!

அம்மா சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. ரகசியத்தைப் போட்டு உடைத்துவிட்டேனே, கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். தோழி மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"ஆண்ட்டி, நீங்க இத யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

அம்மா அழும் சத்தம் கேட்டது. என் முன்னால் ஒருநாளும் அழாதவர். எழுந்து போக நினைத்தேன், போகவில்லை. எனக்குத் திரும்பக் கிடைத்த தோழியை அன்று ஒரு மணி நேரம் அம்மாவுக்கே விட்டுக்கொடுத்தேன்.