பேக்கரி எதிரே நின்றவர்

மானாம்பதி சாலையில் ஒயின்ஷாப் இருந்த கட்டடம் இப்போது பேக்கரி. எதிரே மின்கம்பத்தடியில், நடவுச் சேறு காய்ந்த காலோடு, கையில் டார்ச்சோடு ஓர் அம்மா தினமும் சாயங்காலம் நிற்பார். குடித்துவிட்டு வரும் கணவரை அழைத்துப்போக அங்கே நின்று பழகியவர்.

“கடையத்தான் மூடிட்டாங்களே, இன்னும் இன்னாத்துக்கும்மா நிக்கிறீங்க?” என்று பஸ்ஸுக்குக் காத்திருந்த நான் ஒருநாள் கேட்டேன்.

“மூடச் சொல்லி மொதல்ல ரோட்டுல குந்துனதே நான்தான் நைனா. கடைய அடுத்த ஊருக்குத் தூக்கினு போய்ட்டாங்க. எங்கூட்டுக்காரரு சைக்கிள்ல அங்க போனாரு. திரும்பி வரசொல்லோ லாரி அடிச்சிட்டுது. இங்கன்னா கையப் புடிச்சி இட்டுனு போயிருப்பேன்.”

என் பஸ் வந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். டார்ச்சை அடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். வெளிச்சம் அவர் காலடியில் விழவில்லை. பக்கத்தில் ஒருவர் நடந்து வருவதுபோல, சற்றுத் தள்ளியே விழுந்துகொண்டிருந்தது.