நல்லது கெட்டது பெட்டி

கம்பெனியின் எல்லாச் சாவியும் இம்திசாலிடம்தான் இருந்தன. இரும்புச் சாவியைச் சொல்லவில்லை, அது வாட்ச்மேனிடம். ஜோர்டான் தலைநகர் அம்மானை ஒட்டிய ஸஹாபில், மொட்டைமாடிகளுக்குச் சூரிய வெந்நீர்த் தொட்டி செய்யும் அந்தக் கம்பெனியின் மெயில், காலண்டர், ஃபைல் எல்லாம் 'கிளவுட்' என்று எங்கோ ஆகாயத்தில் கிடந்தன. யாருக்கு எது திறக்கும், எது திறக்காது என்பது இவள் கையில். ரிசப்ஷனில் உட்கார வந்தவள்தான். முதலாளி அபூ சுஹைல் பாஸ்வேர்டை மறந்து தவித்த ஒரு நாள் அதைத் திறந்து கொடுத்தாள். அன்றோடு போச்சு, கம்ப்யூட்டர் நிர்வாகி ஆகிவிட்டாள். சம்பளம் மட்டும் இன்னும் ரிசப்ஷனிலேயே உட்கார்ந்திருந்தது.

அவளுக்கு ஒரு வன்மம் உண்டு. போன வருஷம் பனி கொட்டிய வாரத்தில், தெற்கே சொந்த ஊரான தஃபீலாவில் அவள் அப்பா இறந்துபோனார். சாலை அடைத்துக் கிடந்தது, போன் செத்துக் கிடந்தது. ஆபீசிலிருந்து யாரும் வரவில்லை என்று அவள் கோபப்படவில்லை. பனியோடு யார் மல்லுக்கட்ட முடியும்? ஆனால் முதலாளியின் செயலாளர் எல்லோருக்கும் மெயிலில் அறிவிப்பு அனுப்பியிருந்தார். ஒரு ஜென்மம் பதிலுக்கு ஒரு வரி எழுதவில்லை! அவள் திரும்பி வந்தபோதும் ஆளாளுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோர் ஷுக்ரி கூட! தினமும் காலையில் அவளோடு ஒரே பொட்டலத்தைப் பிரித்து ஃபலாஃபில் வடை தின்றவன். மற்றவர்கள் எக்கேடு கெட்டுப் போகட்டும், இவன் எழுதாததுதான் அவளுக்கு ஆறவேயில்லை.

அழுது தீர்க்கிற ரகமில்லை இம்திசால். மற்றவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றினால் போதும், ஷுக்ரி மட்டும் வாராவாரம் மாற்ற வேண்டும் என்று வைத்துவிட்டாள். எண் வேண்டும், ஆச்சரியக்குறி வேண்டும், பழையது எதுவும் செல்லாது.

ஷுக்ரி மூச்சு வாங்க மாடியேறி வந்து கத்துவான். "தாயே! புள்ளைங்க பேரு தீர்ந்துபோச்சு. மாமியா பேரையும் போட்டாச்சு. இனி எவன் பேரைப் போட?"

"சிஸ்டம் கேக்குது ஷுக்ரி, நான் என்ன பண்ண?" என்பாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். சிஸ்டமாவது மண்ணாங்கட்டியாவது!

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. அப்போது குவைத்தில் அபூ சுஹைலின் அக்கா இறந்துபோனார். அறிவிப்பு எல்லோருக்கும் போனது. அபூ சுஹைல் விமானம் ஏறிப் போய், அடக்கம் முடிந்து துக்க நாளும் முடிந்து திரும்பி வந்தார். வந்ததும் இம்திசாலைக் கூப்பிட்டு வெடித்தார். வெள்ளிக்கிழமைதோறும் வந்து குவியும் வாழ்த்துத் தொல்லை தாங்காமல் தன் சொந்த நம்பரை ஆபீசில் யாருக்கும் தராத மனுஷன். மெயிலை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை.

"இத்தனை குடும்பத்துக்குச் சோறு போடுறேன்! என் அக்கா செத்ததுக்கு ஒரு நாய் ஒரு வரி எழுதல!"

இம்திசாலுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. "இவங்க அப்படித்தான். எனக்குப் பழகிப்போச்சு."

"நீ மட்டும் என்ன கிழிச்ச? நீயும்தான் எழுதல."

"நானா? அறிவிப்பு வந்த அன்னைக்கே எழுதினேனே!"

"எங்க? காட்டு."

காட்ட முடியவில்லை. அவள் அனுப்பியிருந்தாள், அவருக்குப் போய்ச் சேரவில்லை. தன் மேசைக்கு ஓடிவந்து அந்த மெயில் எங்கே விழுந்தது என்று தேடினாள். தேடிக்கொண்டே போனவள், தான் எழுதிய பழைய விதி ஒன்றில் வந்து நின்றாள்.

அவள் அப்பா இறந்ததற்கும் முந்தைய வருஷம், குடோன்காரர் ஒருவருக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. 'மப்ரூக், மப்ரூக்' என்று வாழ்த்தி ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் பதில் போட்டுத் தள்ளினார்கள். அந்த வெள்ளத்தில் அகபா ஹோட்டல் ஒன்றின் ஆர்டர் முழுகிப்போனது. "இனிமே ஒரு மப்ரூக் என் கண்ணுல படக் கூடாது!" என்று அபூ சுஹைல் குதித்தார். இம்திசால் உடனே மெயிலுக்கு ஒரு விதி எழுதினாள். அறிவிப்பு எல்லோருக்கும் போகும். அதற்கு வாழ்த்தோ அனுதாபமோ சொல்லி வரும் பதில் மட்டும் ஒரு தனிப் பெட்டிக்குள் விழும். பெட்டிக்கு 'நல்லது கெட்டது' என்று பேர் வைத்தாள். உள்ளூர்க்காரர் வீட்டுத் துக்கத்துக்கு எல்லோரும் நேரில் போய்க் கசப்புக் காபி குடித்துவிட்டு வந்ததால், மெயிலை யாரும் தேடவில்லை. அவளும் அந்தப் பெட்டியை அடியோடு மறந்துவிட்டாள்.

இப்போது திறந்தாள். மேலாக அபூ சுஹைலின் அக்கா இறந்ததற்கு வந்த அனுதாபம் மொத்தமும் கிடந்தது, அவளுடையதும் சேர்த்து. எல்லாவற்றையும் அவருக்குத் தள்ளிவிட்டாள். பிறகு கை தானாகக் கீழே போனது. பனி கொட்டிய வாரம். அவள் அப்பாவின் பெயர். ஒன்றல்ல இரண்டல்ல, ஆபீஸ் முழுக்க எழுதியிருந்தது.

ஷுக்ரி எழுதியிருந்தான்: "உங்கப்பாவை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, எம் பொண்ணு காலையில பசி தாங்க மாட்டா, பார்த்துக்கப்பான்னாரு. பார்த்துக்கறேன். இறைவன் உனக்குப் பொறுமை தரட்டும்."

அதற்கு அடியிலேயே, பத்து நாள் கழித்து இன்னொன்று: "பதில் போட மனசு வரலியா? சரி, நான் என்ன பெரிய ஆளா."

இம்திசால் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். அப்பாவுக்காக அழுதது பாதி, தன்னைத் தானே திட்டிக்கொண்டு அழுதது பாதி.

அபூ சுஹைல் கண் சிவந்து எதிரில் வந்து நின்றார். "எல்லாம் இப்பத்தான் வருது. எங்க இருந்துச்சு?"

"நான் போட்ட விதிதான். நீங்கதான் அன்னைக்குச் சொன்னீங்க, மப்ரூக் கண்ணுல படக் கூடாதுன்னு."

"நான் ஆயிரம் சொல்வேன்! நான் சொன்னதுல எதை நீ இதுக்கு முன்னாடி கேட்டிருக்க?"

அவர் எதிரிலேயே அந்த விதியை அழித்தாள்.

மறுநாள் காலை பொட்டலத்தோடு ஸ்டோருக்கு இறங்கிப் போனாள். ஷுக்ரி வால்வுகளை எண்ணிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"என்ன, மறுபடி மாத்தணுமா?"

"நீ எடுத்துக்கிட்ட சிரமத்துக்கு இறைவன் நன்மை தரட்டும்" என்றாள். துக்கம் கேட்டவருக்குச் சொல்லியே ஆக வேண்டிய பதில்.

"எந்தச் சிரமம்?"

"எங்கப்பா போனதுக்கு எழுதினியே. நேத்துதான் படிச்சேன், ஷுக்ரி. நான் போட்ட பூட்டு, நானே அதுக்குள்ள மாட்டிக்கிட்டேன். நீ எழுதவேயில்லன்னு நெனச்சு ஒரு வருஷமா உன்னைப் போட்டு வாட்டிட்டேன்."

ஷுக்ரி அவளை ஏற இறங்கப் பார்த்தான். கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு பொட்டலத்தை வாங்கிப் பிரித்தான். பாதியை அவள் பக்கம் நகர்த்தினான்.

"தின்னு. பசி தாங்க மாட்ட."

"இனிமே நீ பாஸ்வேர்ட மாத்தவே வேணாம். அதை எடுத்துட்டேன்."

"ஐயோ, வேணாம்!" ஷுக்ரியின் காது சிவந்தது. "இன்னும் ஒரே ஒரு தடவை மாத்திக்க விடு. இந்த வாரம் உன் பேரைத்தான் வெச்சிருக்கேன், கூட ஒரு கெட்ட வார்த்தையும் இருக்கு."