அரிசி வாளிக்கு அடியில் ஒரு மாமா

இருபது வருடத்துக்கும் மேலாக எங்கள் குசினியில் அரிசி வாளியைத் தூக்கினால் அதற்குக் கீழே ஒரு மனிதர் அந்தரத்தில் நின்றார். முழங்கால் கிழிந்த நீலக் காற்சட்டை, தொளதொளத்த சட்டை, சப்பாத்துக்குக் கீழே நான்கு சிறு சக்கரம் பூட்டிய பலகை. பலகைக்குக் கீழே வெறும் காற்று, அதற்கும் கீழே நீளமான கல்படிகள். வாளியின் அடி பதிந்த வட்டம் அவருடைய தலையைச் சுற்றிச் சுவாமி படத்து ஒளிவட்டம்போல விழுந்திருக்கும். பாரிஸில், லா ஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவின் ஐந்தாம் மாடியில், நாங்கள் சோறு சமைப்பதற்கு முன் தினமும் பார்த்த முகம் அது. மிளகாய்த்தூள் போத்தலுக்குக் கீழே இன்னொருவர், பருப்புக்குக் கீழே வேறொருவர். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் யாரோ பொடியன்கள் இருப்பதாக நினைப்பார்கள். எங்களுக்கு ஒரேயொரு மகள்தான். சாமான் அடுக்கும் தட்டுகளில் படங்களை வெட்டி விரித்தது நான்.

எனக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. ஸ்கேட் பலகையில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. பிரான்சுக்கு வந்து முதல் கிடைத்த துப்புரவு வேலை ஒரு சிறிய சஞ்சிகை அலுவலகத்தில். காலை ஆறு மணிக்குப் போய், ஊழியர்கள் வருவதற்குள் மூன்று அறைகளையும் கூட்டித் துடைக்கவேண்டும். மேசைகளில் கோப்பிக் குவளைகளோடு சக்கரங்களும் திருகாணிகளும் கிடக்கும். அது ஸ்கேட் விளையாட்டுக்கான சஞ்சிகை என்று எனக்குப் புரியவே ஒரு மாதம் ஆனது. விற்காமல் திரும்பி வந்த பிரதிகளை அட்டைப்பெட்டியில் போட்டுக் குப்பைக்கு வைப்பார்கள். தாள் என்றால் அப்படி ஒரு தாள். தடிப்பு, பளபளப்பு, தண்ணீர் பட்டாலும் ஊறாது.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு அந்தத் தாளைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று நான் சொல்லத் தேவையில்லை. போர்த்தடையால் பொருட்கள் வராத வருடங்களில் எங்கள் வகுப்பில் யாராவது ஒருத்திக்கு வெளிநாட்டுச் சஞ்சிகைத் தாள் கிடைத்து, அதில் கொப்பிக்கு உறை போட்டு வந்தால் அன்று முழுவதும் அவள்தான் ராசாத்தி. நாங்கள் அந்த உறையைத் தடவிப் பார்க்க வரிசையில் நிற்போம். அப்படிப்பட்ட தாள் பெட்டிப் பெட்டியாகக் குப்பைக்குப் போவதை என்னால் தாங்க முடியவில்லை. ஒருநாள் நேரத்தோடு வந்திருந்த நீளமுடிக்காரர் ஒருவரிடம், இதில் கொஞ்சம் எடுக்கலாமா என்று சைகையில் கேட்டேன். அவர் வியப்போடு, உங்களுக்கு ஸ்கேட் பிடிக்குமா என்று கேட்டார். அப்போது எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி "வீ, வீ" என்பதுதான். ஓம் என்ற பொருளில் அதையே சொன்னேன். அடுத்த நாள் கதவோரத்தில் 'மதாமுக்கு' என்று எழுதிய ஒரு பெட்டி இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் ஒன்று.

கட்டுரைப் பக்கங்கள் எனக்கு உதவவில்லை, எழுத்து நெருக்கம். விளம்பரப் பக்கங்கள்தான் அழகு. ஒரு முழுப்பக்கத்துக்கு ஒரேயொரு ஆள், மேலே ஒரு வரி, மூலையில் சின்ன எழுத்தில் அவருடைய பெயர். விலை இல்லை, வாங்குங்கள் என்ற வற்புறுத்தல் இல்லை. அந்த ஆள் எங்களைப் பார்த்துச் சிரிப்பதுகூட இல்லை. தன் வேலையில் இருப்பார். அவர்கள் எல்லாம் பெயர்பெற்ற விளையாட்டுக்காரர்கள், அவர்களின் பெயரிலேயே பலகைகள் விற்றன என்பதெல்லாம் பிறகுதான் தெரியும். பார்க்க அப்படித் தெரியாது. ஒருவருக்கு முன்பல் இல்லை. இன்னொருவரின் முழங்கையில் காய்ந்த புண். இப்போது மகளின் கைத்தொலைபேசியில் வரும் விளம்பரங்களை நான் கண் வைப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அந்தப் பழைய விளம்பரத்து மனிதர்களுக்கு அவசரமே இல்லை. ஒரு பொங்கலுக்கு விரித்தால் அடுத்த பொங்கலுக்குத் தாள் மாற்றும்வரை எங்களோடு இருந்தார்கள்.

அரிசி வாளிக்குக் கீழே இருந்தது ஒரு சப்பாத்து விளம்பரம். அந்த இதழ் மட்டும் ஏராளமாகத் திரும்பி வந்திருந்ததால், ஒவ்வொரு வருடமும் அதே ஆளையே அரிசிக்குக் கீழே விரித்தேன். அவருடைய தலைக்கு மேலே ஒரு வரி. அகராதியை வைத்துச் சொல் சொல்லாகப் பார்த்தேன்: 'இவர் இன்னும் கீழே இறங்கவில்லை.' யாருடைய உதவியும் இல்லாமல் நான் விளங்கிக்கொண்ட முதல் முழுப் பிரெஞ்சு வசனம் அது. உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்த கணவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஆர் இறங்கேல்லை?" என்று கேட்டார்.

"இவர்தான்."

வாளியைத் தள்ளிப் பார்த்தார். "விசா இல்லையாக்கும்" என்றார்.

ஒருநாள் அந்த மனிதரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். எங்கிருந்தோ விமானத்தில் வந்து, விடியவே நீளமுடிக்காரரோடு கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் கையுறையோடு உறைந்துபோய் நின்றேன். படத்தைவிட நாலு வயது கூட, ஒரு கால் கொஞ்சம் தாங்கி நடக்கிறார். நீளமுடிக்காரர் என்னை அறிமுகப்படுத்தினார். ஏதாவது சொல்லவேண்டுமே என்று, என் பிரெஞ்சு முழுவதையும் திரட்டி, நீங்கள் என் அரிசிக்குக் கீழே இருக்கிறீர்கள் என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அரிசி என்று திரும்பச் சொல்லி, வாளியைக் கைகளால் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தன் உடைந்த பிரெஞ்சில் அந்தப் படத்தைப் பற்றி நீளமாக ஏதோ சொன்னார். முழங்காலைத் தொட்டுக் காட்டினார், இடுப்பைக் காட்டினார். எனக்குப் பிடிபட்டது 'இரண்டு நாள்' என்பது மட்டும்தான். பாரிஸில் இரண்டு நாள் நிற்கப்போகிறார் என்று நினைத்து, நல்ல விடுமுறை என்று வாழ்த்தினேன். அவர் மரியாதையாக நன்றி சொன்னார்.

ஆரணி பிறந்து நடக்கத் தொடங்கியபோது வீட்டில் அவளுக்கு மாமா சித்தப்பா என்று சொல்ல ஒருவரும் இல்லை. என் ஒரே அண்ணன் கனடாவில் இருக்கிறார். குரல் மட்டும் வரும். அதனால் விளையாட்டாக நான் இவர்களுக்கு முறை வைத்தேன். "மிளகாய் மாமாட்டை இருக்கிற போத்தலை எடுத்துத் தாங்கோ பிள்ளை." "பருப்பு மாமாவை நனைக்காதேங்கோ." முன்பல் இல்லாதவருக்குப் பல்லு மாமா. எங்கள் ஆட்களுக்கு அந்நியரை வெறும் பெயர் சொல்லி அழைக்க வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

அவள் முதலாம் வகுப்புக்குப் போனபோது பாடசாலை தந்த பட்டியலில் நீலம், சிவப்பு, பச்சை பிளாஸ்டிக் உறைகள் என்று போட்டிருந்தது. எனக்கு அது மனதுக்குப் பிடிக்கவில்லை. பெட்டியில் மிச்சமிருந்த மிகத் திறமான விளம்பரத் தாள்களை எடுத்து, பசை தொடாமல், மூலைகளை மடித்துச் செருகி, ஊர் முறையில் ஒவ்வொரு கொப்பிக்கும் உறை போட்டேன். ஒரு கிழமையில் ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். உங்களுக்கு எத்தனை சகோதரர்கள் என்று முதலில் கேட்டார். அகதி விசாரணையில் கேட்ட கேள்வி. ஒருவர், கனடாவில் என்றேன். அவர் குழம்பி, அப்படியென்றால் இந்த ஐந்து பேர் என்று கொப்பிகளைப் பரப்பினார். இவர்கள் எல்லாரும் தன் அம்மாவின் சகோதரர்கள் என்று ஆரணி வகுப்பில் சொல்லியிருக்கிறாள். அவர்களில் ஒருவர் வந்து பிள்ளைகளுக்குச் செய்து காட்ட முடியுமா என்று கேட்கத்தான் என்னை அழைத்திருக்கிறார்.

சிரித்துச் சிரித்துப் பலருக்குச் சொன்ன கதை அது. ஆனால் எட்டு வயதில் அவள் ஒரு பலகை கேட்டபோது, மாமாமாரைப் போல என்றுதான் கேட்டாள். வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

இந்த வருடம் ஒரு புதன்கிழமை, நான் இப்போது வேலை செய்யும் முதியோர் இல்லக் குசினியில் கரட் வெட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. பதினைந்து வயது ஆரணி, ஸ்கேட் கழகத்துப் பயிற்சியில் ஒரு சரிவிலிருந்து விழுந்திருந்தாள். மணிக்கட்டு முறிவு. தலைக்கவசம் முன்னிருந்து பின்வரை வெடித்திருந்தது. மருத்துவமனையில் அவள் என்னை அடையாளம் கண்டாள், ஆனால் இன்றைக்கு என்ன நாள் என்று பிரெஞ்சில் கேட்டாள். "புதன், பிள்ளை" என்றேன். தலையாட்டிவிட்டு ஒரு நிமிடம் கழித்து அதையே கேட்டாள். புதன், பிள்ளை. மறுபடியும். எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் அவள் முதல்முறை கேட்பதுபோலவே கேட்டாள். அன்று பின்னேரமே தெளிந்துவிட்டாள், படம் பிடித்துப் பார்த்ததில் மூளைக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். எனக்குத்தான் தெளியவில்லை. இப்போதும் வேலையிடத்தில் ஒரு முதியவர் இன்று என்ன நாள் என்று கேட்டால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள், போத்தல்கள் எல்லாவற்றையும் நிலத்தில் இறக்கி வைத்து, தட்டுகளில் இருந்த தாள்களைக் கிழித்துக் காகிதக் குப்பைப் பையில் திணித்தேன். பலகையை அலுமாரிக்கு மேலே, சூட்கேசுகளுக்குப் பின்னால் ஒளித்தேன். ஏழு கிழமை கழித்து வைத்தியர் விளையாடலாம் என்று எழுதிக் கொடுத்தார். கழகம் பெற்றோர் ஒப்பமிடவேண்டிய தாள் ஒன்றை அனுப்பியது. அது சாப்பாட்டு மேசையில் கிடந்தது. நான் அதன்மேல் உப்புப் போத்தலை வைத்தேன், ஆரணி எடுத்து நேராக்கி வைத்தாள். இப்படிப் பத்து நாள். அவள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கேட்டால் பிரெஞ்சில் ஒரு சொல்.

"இஞ்சாருங்கோ, நீங்களாவது சொல்லுங்கோ, வேண்டாமெண்டு" என்றேன் கணவரிடம்.

"நானோ? நீர்தானே மாமாமாரைக் காட்டி வளத்தனீர். இப்ப மாமாமாரோடை பிள்ளை போகக்கூடாதெண்டால்?"

கோபத்தில் நான் சொன்னதை எழுதமாட்டேன். ஆனால் அவர் சொன்னது எனக்குள் ஏற்கெனவே இருந்ததுதான். இந்தப் பிள்ளையை அந்தச் சரிவுக்கு அனுப்பியது என் தாள்கள் என்ற எண்ணம்.

அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போய் வந்தபோது ஆரணி குசினி நிலத்தில் இருந்தாள். நான் கொடுத்துவிட்ட அந்தக் காகிதக் குப்பைப் பையை அவள் கீழே குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோகவே இல்லையாம். தன் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்திருக்கிறாள். கிழிந்த துண்டுகளைச் சேர்த்து, பலமில்லாத கையால் பிடித்து, மற்றக் கையால் ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டிருந்தாள். அரிசி மாமா முழுதாக விரிந்திருந்தார்.

"அம்மா, இஞ்சை வாங்கோ. இதைப் பாத்தனீங்களா?"

விரல் வைத்த இடம் பக்கத்தின் அடிப்பகுதி. எங்கள் தட்டுக்கு அகலம் போதாது. அதனால் ஒவ்வொரு வருடமும் தாளின் கீழ்ப்பகுதியை நாலு விரல் அளவு உள்ளே மடித்துத்தான் விரிப்பேன். மடிக்கும்போது கண்ணில் பட்டிருக்கும். ஏதோ கரை அலங்காரம் என்று விட்டிருப்பேன். அங்கே வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். அதே மனிதர், அதே கல்படிகள். ஒன்றில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறார். ஒன்றில் குப்புற. ஒன்றில் பலகை வேறு, ஆள் வேறு. சட்டை மாறியிருக்கிறது; வேறு நாள். கடைசிப் படத்தில் மட்டும் படிகளின் அடியில், பலகையின் மேல், கைகளைத் தொங்கவிட்டபடி சும்மா நிற்கிறார்.

"நான் சின்னனிலேயே பாத்தனான்" என்றாள். பிறகு பிரெஞ்சுக்கு மாறினாள். அரிசி மாமாதான் அவளுடைய ஒரு கொப்பிக்கும் உறை; மடித்துச் செருகிய பக்கம் உள்ளேதானே இருக்கும். வகுப்பு அலுத்துப்போனால் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாளாம். மேலே பறப்பது ஒருமுறைதான், மற்றதெல்லாம் விழுவது என்று தனக்கு ஆறு வயதிலேயே தெரியும் என்றாள். "உங்களுக்குத்தான் தெரியேல்லை."

அப்போதுதான் எனக்கு அந்த 'இரண்டு நாள்' விளங்கியது. அந்த நொண்டிக்கால் மனிதர் முழங்காலையும் இடுப்பையும் தொட்டுத் தொட்டுச் சொன்னது அதைத்தான். பாவம், நான் நல்ல விடுமுறை என்று வாழ்த்தி அனுப்பியிருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் என் பிள்ளையை ஏமாற்றவில்லை. நான் மடித்து மறைத்ததையும் சேர்த்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மாமன் செய்யவேண்டிய வேலை.

பயம் போனது என்று சொன்னால் பொய். ஆனால் உப்புப் போத்தலைத் தூக்கிவிட்டு ஒப்பமிட்டேன். பலகையை இறக்கி, தூசி துடைத்துக் கொடுத்தேன். புதுத் தலைக்கவசத்தை நானே பூட்டி, நாடியின் கீழ் வாருக்குள் விரல் விட்டு இறுக்கம் பார்த்தேன். ஆரணி பொறுத்துக்கொண்டாள்.

போன சனிக்கிழமை, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அவள் பயிற்சி செய்யும் இடத்துக்கு நானும் போனேன். பூங்காவுக்குப் பின்னால் சீமெந்துத் தளம், சரிவுகள், ஐந்து படிகள். வீட்டிலிருந்து புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சில்வர்ப் பெட்டியில் கட்டிக்கொண்டு போய், மடியில் வைத்தபடி ஒரு கரையில் இருந்தேன். பக்கத்தில் ஒரு பிரெஞ்சுத் தகப்பன், நரைத்த தாடி, மடியில் தன் பலகை. யார் உங்கள் பிள்ளை என்று கேட்டார். காட்டினேன். நன்றாக விழுகிறாள் என்றார். வைகிறாரோ என்று பார்த்தேன். இல்லை, மனமார்ந்து சொல்கிறார். விழத் தெரிந்தவர்கள்தான் திரும்ப வருவார்கள் என்றார். இந்த ஊரில் எனக்கு இப்படி அன்பாக யார் யாரோ சொன்ன எத்தனையை நான் விளங்காமல் விட்டேனோ தெரியாது.

ஆரணி படிகளின் மேலே போனாள். முதல்முறை பலகை தனியே ஓடியது. இரண்டாம் முறை முழங்காலில் விழுந்தாள். முருகா என்று எழுந்து நின்றேன், பிறகு இருந்தேன். மூன்றாம் முறையும் நான்காம் முறையும் கண்ணை மூடிக்கொண்டேன். ஐந்தாம் முறை அவள் காற்றில் இருந்ததை என் கண்ணால் கண்டேன். சக்கரங்கள் சீமெந்தில் ஒன்றாக விழுந்த சத்தம் கேட்டது. விழவில்லை. கைகளைத் தொங்கவிட்டு, பலகை மேலேயே நேராகப் போனாள்.

அங்கே யாரும் கை தட்டுவதில்லை. அவரவர் பலகையின் நுனியைச் சீமெந்தில் ஓங்கி அடிக்கிறார்கள், அதுதான் அவர்களின் பாராட்டு. தாடிக்காரர் அடித்தார், சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பேர் அடித்தார்கள். என்னிடம் பலகை இல்லை. சில்வர்ப் பெட்டியைத் தூக்கிச் சீமெந்தில் அடித்தேன். மரச் சத்தங்களுக்கு நடுவே அது மட்டும் கணீரென்று தனியாகக் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அம்மா, போதும்" என்று தூரத்திலிருந்து ஆரணி தமிழில் சொன்னாள். நான் இன்னும் இரண்டு தரம் அடித்தேன். மூடி கழன்று, புட்டில் கொஞ்சம் பாரிஸ் சீமெந்தில் வெள்ளையாகச் சிதறியது.