ஜெசியின் பருப்புக் கோப்பு

செய்தி தொலைபேசியில் வந்தது. மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கொமினிகேஷன் கடையின் முதலாளி தவராசா அண்ணை இரண்டு தரம் தொண்டையைச் செருமிவிட்டு, "பிள்ளை, ஜெசியெல்லோ போயிட்டா" என்றார்.

வெள்ளவத்தையில் ஒருவர் "போயிட்டா" என்றால் நாங்கள் முதலில் நினைப்பது விமான நிலையத்தைத்தான். "எந்த நாட்டுக்கு அண்ணை?" என்று கேட்டேன். கேட்டதோடு நிற்கவில்லை. எங்களுடைய விண்ணப்பம் இரண்டு வருடமாக ஒரு தூதரகத்தில் கிடக்கிறது, இவ எனக்கு ஒரு சொல் சொல்லாமல் விசா எடுத்திட்டாவே என்று வயிறு எரிந்தது. பிறகு அண்ணை மெதுவாகச் சொன்னார்: "பொரளை ஆஸ்பத்திரியில, பிள்ளை. டெங்குக் காய்ச்சல். விடிய அஞ்சு மணிக்கு."

கடையில் என்னோடு வேலை செய்த ஜெசிந்தாவின் மரணச் செய்தியை நான் பொறாமையோடுதான் கேட்டேன். அதை எழுதாமல் மற்றதை எழுத முடியவில்லை. அதனால்தான் முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வெளியிட்ட நினைவு மலரில் என் கட்டுரை இல்லை. ஜெசியின் அண்ணி இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் பிள்ளைக்குச் சளி என்று பொய் சொன்னேன். "எப்ப தந்தாலும் சரி, மிஞ்சின புத்தகங்களுக்குள்ள ஒரு தாளா வச்சுக் குடுக்கிறோம்" என்று அவர் சொன்னதால் இப்போது பிந்தி எழுதுகிறேன். மலரை வாசித்தவர்களுக்கு ஒரு திருத்தமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜெசியைக் கொட்டாஞ்சேனையில் கோயிலில் பாட்டுப் பாடுபவராகத் தெரிந்தவர்களுக்கு, கடையில் அவர் என்ன வேலை செய்தார் என்று தெரியாமலிருக்கலாம். கடையில் ஆறு ரெலிபோன் கூடுகள். வெளிநாட்டு அழைப்புகளை இணையம் வழியாக வாங்கி அந்தக் கூடுகளுக்குக் கொடுப்பது பின்னறையில் இருந்த ஒரு பழைய கணினி. அது லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடியது. அதன் மற்ற எல்லா மென்பொருளுக்கும் அடியில் இருந்து இயந்திரத்தை நடத்தும் கருவைக் கேர்னல் என்பார்கள். கேர்னலை நாமே கட்டும்போது அது ஆயிரக்கணக்கான கேள்விகள் கேட்கும். இந்த உறுப்பு வேண்டுமா, அது வேண்டுமா என்று. நாம் சொல்லும் ஓம், இல்லை எல்லாம் ஒரு கோப்பில் பதியும். அண்ணை எங்கேயோ வாங்கிவந்த பழைய ரெலிபோன் கார்ட்டைப் பேசவைக்கும் பதில்களைக் கண்டுபிடிக்க எங்கள் இருவருக்கும் மூன்று மாதம் பிடித்தது.

எங்கள் இருவருக்கும் என்று எழுதிவிட்டேன். உண்மையில் கண்டுபிடித்தவர் ஜெசி. அவர் செபமாலை மன்றாட்டுப் போலக் கேள்விகளை இழுத்து வாசிப்பார், நான் பதில் சொல்வேன். "ஓம்." "இல்லை." "ஓம்." கோயிலில் சனம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்வதைப் போல. நான் விஞ்ஞானப் பட்டதாரி. அவர் உயர்தரத்தோடு நிறுத்தியவர். ஆனாலும் நான் சொன்ன "இல்லை"யில் பாதியை அவர் ஒரு வினாடி யோசித்துவிட்டு "ஓம்" ஆக்குவார், அதுதான் சரியாக இருக்கும். என்னைக் "கெம்பஸ்" என்று கூப்பிடுவார். பல்கலைக்கழகம் போனவள் என்ற பகிடி. அவர் என்னிலும் இரண்டு வயது மூத்தவர். நான் ஒருநாளும் அவரை அக்கா என்று கூப்பிடவில்லை. எங்கள் ஊர்ப் பழக்கத்தில் அது பெரிய மரியாதைக் குறைவு. அவருக்கும் அது தெரியும்.

ஒரு கேள்வியில் மட்டும் நான் விட்டுக்கொடுக்காமல் வாதாடினேன். இந்தப் பதில்கள் முழுவதையும் கேர்னல் தனக்குள்ளேயே ஒரு பிரதி வைத்திருக்கட்டுமா என்பது கேள்வி. "இல்லை" என்றேன். "கோப்புத்தான் தனியா இருக்கே. சும்மா நினைவகத்தில இடம் பிடிக்கும்."

"இருக்கட்டும் கெம்பஸ். கொஞ்ச இடந்தானே."

"தேவையில்லாததை வைக்கக்கூடாது எண்டுதான் படிச்சனாங்கள்."

"நான் படிக்கல்லையே" என்று சிரித்துவிட்டு ஓம் கொடுத்துவிட்டார்.

பிள்ளை விஷயத்திலும் அவர்தான். என் மகள் அபி என்னிடம் மூன்று வாய்க்கு மேல் வாங்கமாட்டாள். கடைக்குக் கொண்டுபோனால் ஜெசியின் கையால் கோப்பை நிறையச் சாப்பிடுவாள். பிள்ளை மெலிந்து போகிறாளே என்று இரவு பகலாகக் கவலைப்பட்டவள் நான். அவள் சாப்பிடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. அண்ணையிடம் என்ன சொன்னாலும் "எதுக்கும் ஜெசியைக் கேட்டுச் செய்யுங்கோ" என்பார். அந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது.

சண்டையால் பாதை மூடி யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் மட்டும் ஓடிய காலம் அது. கோயில் திருவிழாவுக்கு ஜெசி லீவில் நின்ற நாள். மூன்றாம் கூட்டில் குரல் விட்டு விட்டு வருகிறது என்று சனம் முறைப்பட்டது. புதிய கேர்னல் ஒன்றை நானே கட்டிப் போட்டு, அவர் திரும்பி வரும்போது வேலை முடிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஜெசியைக் கேட்காமல். கட்ட முன்னர் பழைய மிச்சங்களைத் துடைக்க இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று லேசாகக் கூட்டும். மற்றது, ஏதோ ஐரோப்பிய நாட்டில் விற்கும் தரை கழுவும் திரவத்தின் பெயர் கொண்டது, அடியோடு கழுவி ஊற்றும். நன்றாகச் சுத்தமாகட்டும் என்று இரண்டாவதைக் கொடுத்தேன். புதியதைக் கட்டி, பழையது இருந்த இடத்திலேயே அதன்மேல் எழுதினேன். இனி இயந்திரத்தை ஒருக்கால் நிறுத்தித் திரும்பப் போட்டால் சரி.

நிறுத்தப் போகும் நேரத்தில், எதற்கும் பார்ப்போம் என்று கேள்விகளின் பட்டியலைத் திறந்தேன். ரெலிபோன் கார்ட்டுக்கு நேரே "இல்லை" என்று இருந்தது. எல்லாம் பிறந்த மேனிக்குப் போயிருந்தது. கழுவி ஊற்றியதில் எங்கள் பதில் கோப்பும் போய்விட்டது. பழைய கேர்னல் வட்டில் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் நினைவில் மட்டும் உயிரோடு இருந்தது. மின்சாரம் ஒருதரம் போய்வந்தால் ஆறு கூடும் ஊமை. மின்சாரம் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ் பெட்டியின் பற்றரி எப்போதோ செத்திருந்தது.

அன்றைக்கென்று முன் வாங்கில் பருத்தித்துறை அம்மா இருந்தார். லொட்ஜில் தங்கி மாதக் கணக்காகக் கப்பலுக்குக் காத்திருந்தவர். அடுத்த நாள் விடியக் கப்பல். ஊரில் அவருக்குப் போன் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மகன், தான் வேலைக்குப் போக முன்னர், எங்கள் நேரம் பின்னேரம் ஆறு மணிக்கு எடுப்பான். அவனிடம் இருந்தது எங்கள் கடையின் இலக்கம் ஒன்றுதான்.

முன் மேசைப் போனில் ஜெசிக்கு எடுத்தேன். அழுகை முட்டியது. "ஜெசி, கேர்னல் அழிஞ்சு போச்சு. பழைய கேர்னல் இனி இல்லை. என்ன செய்யிறது?"

கடையில் நின்றவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது என் காதில் விழுந்தது. எங்கள் உச்சரிப்பில் கேர்னலும், போராளிகளின் தளபதிகளுக்குக் கொடுக்கும் கேணல் பட்டமும் ஒன்று. சண்டை நடக்கும் நாட்டில், கொழும்பில், ஒரு தமிழ்ப் பெண் நடுக்கடையில் நின்று, கேணல் அழிந்துபோனார் என்று போனில் அழுகிறாள். வாங்கில் இருந்த ஒரு ஐயா தன் முறைக்கு நிற்காமல் குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

ஜெசி கெம்பஸ் என்று சொல்லவில்லை. முதல்தரமாகப் பெயர் சொன்னார். "வாசுகி, ஒன்டும் செய்யாதீங்க. நிப்பாட்டவும் வேணாம். நான் வாறேன்." போனை வைத்துவிட்டார். என்ன செய்வது என்று அதிலேயே சொல்லித்தரலாம். அந்தச் சொல்லுக்குப் பிறகு யார் போனில் கதைப்பார்கள்?

கொட்டாஞ்சேனையிலிருந்து சோதனைச் சாவடிகளைக் கடந்து பஸ் வர இரண்டு மணித்தியாலம். நான் பின்னறையில் பிளக்குக்குக் காவல் இருந்தேன். அபிக்கு அந்தச் சுவிச்சின் சிவப்பு வெளிச்சத்தில் தீராத ஆசை. இழுத்து மடியில் வைத்தால் வழுக்கி இறங்குவாள். அடித்தால் அழுவாள். கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அண்ணை எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, உந்த மூண்டாம் கூட்டுச் சனம் கத்துது. ஒருக்கா நிப்பாட்டிப் போடுங்கோவன்."

"இப்ப ஏலாது அண்ணை."

"ஏன்?"

எனக்கு வேறு வழி இருக்கவில்லை. "ஜெசி வரட்டும்."

"ஆ, அப்ப சரி" என்று உடனே போய்விட்டார்.

நாலரைக்கு ஜெசி மழையில் நனைந்து வந்தார். கூந்தலில் திருவிழாப் பூ இருந்தது. "என்ன கெம்பஸ், ஊரயே சாக வச்சிட்டீங்க. இனிமே அந்தச் சொல்லு வேணாம். பருப்பு என்டு சொல்லுங்க. இங்கிலீசுல அதுக்கு அர்த்தம் கொட்டைக்குள்ள இருக்கிற பருப்புத்தானே." நான் செய்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் ஏசவில்லை. கதிரையில் இருந்து ஒரு வரி தட்டினார். திரையில் எங்கள் பதில்கள் வரிவரியாக இறங்கின. மூன்று மாதமும் அதில் இருந்தது. தனக்குள்ளே வைத்திருக்கட்டும் என்று அவர் ஓம் கொடுத்த பிரதி, ஓடிக்கொண்டிருந்த கேர்னலின் வயிற்றுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். மெசினுக்குத் தெரிஞ்சத மெசின்கிட்டயே கேக்க வேண்டியதுதான்."

நான் இரண்டு மணித்தியாலம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்ததை அவர் ஒரு நிமிடத்தில் முடித்தார். நன்றி வரவில்லை. என்னுடைய "இல்லை"யை அவர் கேட்டிருந்தால் இன்று அவரும் என்னோடு சேர்ந்து தோற்றிருப்பார் என்ற நினைப்புத்தான் வந்தது. அப்படி நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

ஆறு மணிக்கு மணி அடித்தது. பருத்தித்துறை அம்மா மூன்றாம் கூட்டுக்குள் போனார். குரல் விட்டு விட்டுத்தான் வந்தது. "கேக்குதடா, கேக்குது. நீ சாப்பிட்டியே?" என்பது வெளியே எங்களுக்குக் கேட்டது.

இனித்தான் திருத்தம். மலரில் அண்ணை, மின்சாரம் ஏறி இறங்கிக் கோப்பு அழிந்ததாகவும் ஜெசி மீட்டதாகவும் எழுதியிருக்கிறார். அவர் மேல் பிழை இல்லை. அன்று அவர் கேட்டபோது ஜெசி சொன்னது அதுதான்: "கரண்ட் ஏறி இறங்கினதுல போச்சு அண்ணே. வாசுகி கண்டுபிடிச்சு நிப்பாட்டாம வச்சிருந்ததாலதான் தப்பிச்சம்." மின்சாரம் அன்று ஒரு கணமும் ஏறி இறங்கவில்லை. அழித்தது நான். அவர் சாகும்வரை அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும்.

அந்தக் கோப்பைக் கடதாசியிலும் அச்சடித்தார். மேலே ஆங்கில எழுத்தில் பருப்பு என்பதைச் சிங்களத்தில் சொல்வதுபோலப் "பரிப்பு" என்று எழுதினார். அன்றிரவு நாங்கள் பஸ் தரிப்புக்கு நடக்கும்போது சாவடியில் ஜெசியின் பையைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு பொலிஸ்காரர் அந்தத் தாள்களை விரித்தார். ஒன்றும் விளங்காத வரிகள், நூற்றுக்கணக்கில். அபியை இறுக்கிப் பிடித்தேன்.

"மே மொனவத?" இவை என்ன என்று கேட்டார்.

"பரிப்பு, சேர்" என்றார் ஜெசி. "கொம்பியூட்டர் எக்க கெடுணா. அபி அத பரிப்பு கேவா." கணினி பழுது, நாங்கள் இன்றைக்குப் பருப்புச் சாப்பிட்டோம். சிங்களத்தில் பருப்புச் சாப்பிடுவது என்றால் நன்றாக மாட்டுப்பட்டு அடிவாங்குவது. பொலிஸ்காரர் வாய்விட்டுச் சிரித்துத் தாள்களை மடித்துக் கொடுத்தார். அந்த வாக்கியத்தில் "நாங்கள்" என்பதற்கான சிங்களச் சொல் தன் பெயர் என்று நினைத்த என் மகள், "எனக்கும் பருப்பு" என்றாள். ஜெசி அவளைத் தூக்கிக்கொண்டார். அவள் உடனே அவர் தோளில் சாய்ந்தாள். அந்த நேரத்திலும் நான் அதைக் கவனித்தேன்.

கோப்பின் பிரதிகள் மூன்று. ஒன்று கடையில். ஒன்று கொட்டாஞ்சேனை வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் ஒரு சீடியில் இருக்கிறது. அண்ணி, அதை எறிந்துவிடாதீர்கள். மூன்றாவது அந்தக் கடதாசி. "கெம்பஸ் வீட்டுலதான் பத்திரம். அழிச்சுப் பழகினவதான் கவனமா வச்சிருப்பா" என்று என்னிடம் தந்தார். அபியின் பிறப்புச் சான்றிதழும் எங்கள் விண்ணப்பப் பிரதிகளும் இருக்கும் கோப்புறையில் வைத்திருக்கிறேன்.

போன கிழமை அண்ணை வேறு கணினி வாங்கினார். கேர்னலை நான் தனியே கட்டினேன். கேள்விகளை வாய்விட்டு வாசித்தேன். இழுத்து வாசிக்க எனக்கு வரவில்லை. அதற்கும் அவருடைய குரல்தான் வேண்டும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தாள்களும், நான் கேட்காத ஒரு மன்னிப்பும், இன்னும் ஆறாத இந்தப் பொறாமையும். இந்தப் பதில்களை எனக்குள்ளே வைத்திருக்கட்டுமா என்ற கேள்வி வந்தது. கொஞ்ச இடந்தானே.

ஓம், ஜெசி அக்கா.