காந்தவீரனின் நான்காவது முதல் இதழ்

டயர் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் இருந்த அந்தப் பதிப்பகத்தில் அவரை எல்லோரும் ‘அடிக்குறிப்பு’ என்றுதான் கூப்பிட்டார்கள். பிழை திருத்தச் சேர்ந்தவர். ஆனால் பிழை திருத்துவதெல்லாம் போகிற போக்கில் நடக்கிற வேலை. உயிரைக் கொடுத்துச் செய்தது வேறு. காந்தவீரன் படக்கதையில் யாராவது பறந்துகொண்டே, “அன்று அணைக்கட்டில் நீ செய்த துரோகம்!” என்று கத்தினால், கட்டத்தின் அடியில் ஒரு நட்சத்திரம் போட்டு ‘பார்க்க: இதழ் 83’ என்று எழுதுவார். இடம் மிச்சமிருந்தால் அணைக்கட்டில் நடந்ததையும் இரண்டு வரியில் சொல்லிவிடுவார். இல்லாவிட்டால் ஓவியரோடு மல்லுக்கு நின்று வில்லனின் காலைச் சுருக்கியாவது இடம் வாங்குவார்.

காந்தவீரனை இவருக்குத் தெரிந்த அளவுக்கு அவனை உருவாக்கியவருக்கே தெரியாது. எத்தனை தடவை செத்தான், அதில் எதெல்லாம் பிறகு சாவே இல்லை என்று ஆயிற்று, முதல் கல்யாணம் கனவா நிஜமா, எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார், அதுதான் தொல்லை.

விற்பனை படுத்துவிட்டது. விற்பனை படுத்தால் பதிப்பகத்துக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று: பழைய எண்ணை அழித்துவிட்டு ‘முதல் இதழ்’ என்று போடுவது. ஏற்கெனவே மூன்று முறை போட்டாயிற்று. வெட்கம் யாருக்கும் இல்லை. நான்காவது முதல் இதழின் அட்டையில் ‘யாரும் இங்கிருந்து தொடங்கலாம்!’ என்று கொட்டை எழுத்தில் அச்சாகிவிட்டது. உள்ளே முதல் பக்கத்திலேயே காந்தவீரன் கொட்டுகிற மழையில் மொட்டைமாடியில் நின்று அழுதுகொண்டு, “மறுபடியும் அதே ஆள்!” என்கிறான். எந்த ஆள், என்ன மறுபடியும் என்பது தொடங்க வந்தவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

அடிக்குறிப்பு ஒன்பது குறிப்புகளை எழுதிக்கொண்டு ஆசிரியரம்மாவிடம் போனார். ஆசிரியரம்மா விளம்பரக் கம்பெனியிலிருந்து புதிதாக வந்தவர், வயதில் இவருக்கு மகள் மாதிரி.

“சார், இவ்ளோ நட்சத்திரத்தைப் பார்த்தா புதுசா வர்றவங்க புத்தகத்தைக் கீழ வெச்சுடுவாங்க.”

“குறிப்பு இல்லாம எப்படிம்மா புரியும்? வாங்க வாங்கன்னு கூப்பிட்டுட்டு வீட்டுல லைட்டைப் போடாம வெச்சா நல்லாவா இருக்கும்?”

“லைட்டைப் போடுங்க சார். மூஞ்சில டார்ச் அடிக்காதீங்க.”

இழுபறி முடிந்து ஓர் உடன்பாடு வந்தது. காந்தவீரனை அறியாத ஒருவரிடம் குறிப்பில்லாத பிரதியைக் கொடுப்பது. அவருக்குப் புரியவில்லை என்றால் குறிப்புகள் இருக்கும். புரிந்தது என்றால் குறிப்புகள் போகும். அடிக்குறிப்புக்கும் அங்கே வேலை இருக்காது, ஒரு மாடி இறங்கிப் பள்ளிக்கூடக் கையேடு போடுகிற பிரிவுக்குப் போக வேண்டும். காந்தவீரன் இல்லாத ஒரு வேலைநாளை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

ஆனால் அப்படி ஓர் ஆளுக்கு எங்கே போவது? மனைவி இத்தனை வருஷமாகச் சாப்பாட்டோடு சேர்த்துக் காந்தவீரனையும் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர். மகள் அவனோடேயே வளர்ந்தவள். பக்கத்து வீட்டுக்காரர் இவர் தலையைக் கண்டாலே போனைக் காதில் வைத்துக்கொள்வார். மிச்சம் இருந்தது மாப்பிள்ளை ஒருவர்தான். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. வாடகைக்குப் பார்த்த வீடு இன்னும் தயாராகாததால் புது மாப்பிள்ளை மாமனார் வீட்டிலேயே இருந்தார். “அப்பாகிட்ட அவனைப் பத்தி மட்டும் வாயைக் குடுத்துடாதீங்க” என்று மகள் கல்யாணத்தன்றே எச்சரித்து வைத்திருந்ததால், பிள்ளை இதுவரை கெடாமல் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பிரதியைக் கொடுத்தார். மாப்பிள்ளைக்குப் புரியக் கூடாது என்று அன்றைக்கு அவர் வேண்டாத தெய்வமில்லை.

மறுநாள் காலையில் காபி வருவதற்குள் கேட்டுவிட்டார். “என்ன மாப்ள, புரிஞ்சுதா?”

“நல்லா புரிஞ்சுது மாமா. ரொம்ப அருமையா இருக்கு.”

அடிக்குறிப்புக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. ஆனாலும் விடவில்லை. “மறுபடியும் அதே ஆள்னு சொல்றானே, யாரு அது?”

“அவனுக்குத் தெரிஞ்சவர்தான் மாமா.”

“சரி, எதுக்கு அழறான்?”

“மனசு கஷ்டம்.”

“அதான், என்ன கஷ்டம்?”

“மழை வேற பெய்யுதில்ல...” என்று இழுத்தார் மாப்பிள்ளை.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார். “என்னங்க நீங்க? மாமனார் கேட்டா எந்த மாப்பிள்ளை புரியலைன்னு சொல்லும்?”

அடிக்குறிப்புக்குக் கால் தரையில் படவில்லை. மாப்பிள்ளைக்கு ஒன்றுமே புரியவில்லை! குறிப்புகள் பிழைத்தன, வேலை பிழைத்தது. அந்தச் சந்தோஷத்தில், பென்சிலால் ஒன்பது குறிப்புகளும் எழுதிய தன் பிரதியை எடுத்துவந்து மாப்பிள்ளை கையில் திணித்தார். “இப்பப் படிங்க, அப்புறம் பாருங்க!”

மாப்பிள்ளை படித்தார். முதல் நட்சத்திரத்துக்குக் கீழே, ‘அதே ஆள்: அணைக்கட்டில் இறந்ததாகக் கருதப்பட்ட காந்தவீரனின் அண்ணன். பார்க்க: இதழ் 83’ என்று இருந்தது. அவர் முகம் தொங்கிப் போயிற்று.

“என்ன மாப்ள?”

“ஒண்ணுமில்ல மாமா.”

“சும்மா சொல்லுங்க.”

“இல்ல மாமா... யாரா இருக்கும்னு ராத்திரி பூரா யோசிச்சுக்கிட்டிருந்தேன். இவகிட்ட பந்தயம்கூடக் கட்டினேன். இதுல போட்டு உடைச்சுட்டீங்க.”

மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “யாருன்னு நினைச்சார் தெரியுமாப்பா? காந்தவீரனோட மாமனார்னு!”

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். வீடே சிரித்தது. அடிக்குறிப்பும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் மகள் சாதாரணமாகச் சொன்னாள்: “சின்னப் பொண்ணா இருந்தப்ப எனக்கும் இதே கதிதான். புத்தகம் கைக்கு வர்றதுக்குள்ள நீங்க முழுக் கதையையும் சொல்லி முடிச்சிருப்பீங்க. ஒரு இதழாவது நானா படிச்சிருக்கேனாப்பா?”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்றது. தன்னைப் போலவே மகளும் காந்தவீரன் பைத்தியம் என்றுதான் ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் படித்தது காந்தவீரனை அல்ல, அப்பாவை. அன்றைக்குக் காபி ஆறிப்போயிற்று.

திங்கட்கிழமை ஆசிரியரம்மா கேட்டார். “உங்க ஆளுக்குப் புரிஞ்சுதா சார்?”

“புரியலைம்மா.” பொய் இல்லை. இதோடு நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்பார்.

“சரி, பேச்சுன்னா பேச்சு. குறிப்புகளைச் சேர்த்துடலாம்.”

“வேண்டாம்மா. புரியாததாலதான் யாரா இருக்கும்னு ராத்திரி பூரா யோசிச்சிருக்கார். குறிப்பைப் படிச்சதும் முகம் தொங்கிப் போச்சு.”

ஆசிரியரம்மா மனம் உருகி, நீங்களும் இங்கேயே இருங்கள் என்று சொல்வார் என நீங்கள் நினைத்தால், உங்களுக்குக் கம்பெனிகளைத் தெரியாது. குறிப்பே இல்லாத இதழில் குறிப்பெழுதுகிறவருக்கு என்ன வேலை? அந்த வாரமே அவர் தன் பென்சில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி இறங்கினார். கையேட்டுப் பிரிவில் அவரைக் கொண்டாடினார்கள். அங்கே எதையும் விளக்காமல் விட்டால்தான் குற்றம்.

இரண்டாவது இதழ் வந்த அன்று மாப்பிள்ளை வேலை முடிந்து வருகிற வழியிலேயே வாங்கி, பஸ்ஸிலேயே படித்துவிட்டு வந்தார். அச்சுக்குப் போகும் முன் பார்க்காத காந்தவீரனை அடிக்குறிப்பு கையில் வாங்கியது அதுதான் முதல் தடவை. புத்தகம் தற்செயலாக நடுப்பக்கத்தில் திறந்துகொண்டது. முகமூடி கழன்று அந்த ‘அதே ஆள்’ அங்கே நின்றான். அண்ணன் இல்லை. அண்ணன் ஜாடைகூட இல்லை. அவர் அறிந்த எந்த இதழிலும் வராத முகம். கதை எழுத வந்த புது ஆட்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டிருந்தார்கள்.

“யாரு மாப்ள இது? எனக்கு ஒண்ணும் புரியலையே!”

மாப்பிள்ளைக்கு வாய் துறுதுறுத்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, மரியாதையாகக் கேட்டார்.

“சொல்லிடட்டுமா மாமா, இல்ல நீங்களே படிக்கறீங்களா?”

இந்தக் கேள்வியை அவர் இத்தனை வருஷத்தில் யாரிடமும் கேட்டதில்லை. மகளிடம்கூடக் கேட்டதில்லை.

“சொல்லாதீங்க மாப்ள” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.